பழைய கேன் பிகோனியா 'லூசெர்னா': பெயர் மாறாமல் வாங்கி வளர்க்க ஒரு வழிகாட்டி

'லூசெர்னா' என்ற பிகோனியாவைக் கேட்டால், அதைப் போலவே இலையில் புள்ளி போட்ட மாகுலாட்டா வரும். மாகுலாட்டா கேட்டால் 'லூசெர்னா' வரும். ஏஞ்சல் விங் என்று பொதுவாகக் கேட்டால் புள்ளி போட்ட எது வேண்டுமானாலும் வரும். விற்பவர்கள் எல்லோரும் ஏமாற்றுகிறார்கள் என்று அர்த்தமில்லை. அவருக்கு விற்றவர் சொன்ன பெயரை அவர் நமக்குச் சொல்கிறார், அவ்வளவுதான். நூறு வருடத்துக்கு மேல் கைமாறி வந்த செடிக்கு வழியில் எங்காவது பெயர் தொலைந்துவிடும். அந்தப் பெயரைத் தேடி நான் அலைந்த அலைச்சல் என்னோடு போகட்டும். புதிதாக வாங்குகிறவர்கள் கீழே உள்ள வரிசையில் போனால் பணமும் மிஞ்சும், ஒரு பருவமும் மிஞ்சும்.

எல்லாம் 'லூசெர்னா'வை வைத்து எழுதியது. மற்ற பழைய கேன் பிகோனியாக்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

1. எந்தச் செடி என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

பிகோனியா பேரினத்தில் 2,000க்கு மேல் இனங்கள் இருக்கின்றன. கலப்பினங்கள் அதைவிடப் பல மடங்கு. அவற்றில் தண்டு நிமிர்ந்து, கணுக்கணுவாக மூங்கில் போல வளர்பவையைத்தான் கேன் பிகோனியா என்கிறார்கள். கிழங்கு கிடையாது, நார்வேர் மட்டும். இலை ஒரு பக்கம் பெருத்து மறுபக்கம் சிறுத்துக் கோணலாக இருக்கும். ஏஞ்சல் விங் என்ற செல்லப்பெயர் இந்த இலை வடிவத்தால் வந்தது. அந்தப் பெயர் ஒரு குறிப்பிட்ட செடியுடையது அல்ல, ஒரு கூட்டத்துக்கே உரியது. ஆகவே அந்தப் பெயரை மட்டும் சொல்லி ஆர்டர் கொடுக்காதீர்கள்.

'லூசெர்னா' 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்விட்சர்லாந்தில் உருவான கலப்பினம். பெற்றோர் என்று சொல்லப்படுபவை பிகோனியா கொக்சினியாவும் பிகோனியா டாய்ஷெரியும். கொக்சினியா பிரேசிலின் அட்லாண்டிக் கரையோரக் காட்டுச் செடி. பவளச் சிவப்புப் பூ அந்தப் பக்கத்துச் சொத்து. பழைய பட்டியல்களில் இதையே 'கொராலினா டி லூசெர்னா' என்று போட்டிருப்பார்கள். 'லூசெர்ன்' என்றும் எழுதுவதுண்டு. மூன்றும் ஒரே செடிதான். மூன்று பெயருக்கும் தனித்தனியாகப் பணம் கொடுத்துவிடாதீர்கள்.

இதனோடு குழம்பக்கூடிய இரண்டை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும். ஒன்று, பிகோனியா மாகுலாட்டா. இது கலப்பினமே அல்ல, பிரேசிலின் இயற்கை இனம். இதன் 'வைட்டீ' என்ற ரகம்தான் சமூக வலைத்தளங்களில் பளிச்சென்ற வெள்ளைப் பொட்டுகளோடு வலம் வருகிறது. மற்றொன்று, பிகோனியா ஆர்ஜென்டியோகுட்டாட்டா. பிரான்ஸின் நான்சி நகரில் நாற்றங்கால் வைத்திருந்த விக்டர் லெமுவான் 1880களில் அல்போபிக்டா, ஓல்பியா என்ற இரண்டு பிகோனியா இனங்களைச் சேர்த்து உருவாக்கியது. இதுவும் பழசு, இதுவும் புள்ளி, இதுவும் நல்ல செடிதான். ஆனால் 'லூசெர்னா' அல்ல.

இலை ஆழமாக வெட்டுப்பட்டு, ஆள் உயரம் தாண்டி வளர்ந்தால் அது சூப்பர்பா வகையாக இருக்கலாம். கலிஃபோர்னியாவில் ஈவா கென்வொர்தி கிரே 1920களில் அக்கோனிடிஃபோலியா என்ற வெட்டிலை இனத்தை வைத்து உருவாக்கிய வழி அது. 'லூசெர்னா' இலை வெட்டுப்படாது. ஓரம் லேசாக நெளியும், அவ்வளவுதான்.

2. படத்தில் எதைப் பார்ப்பது

விற்பவர் அனுப்பும் படத்தை அப்படியே நம்பாதீர்கள். இந்த நான்கையும் தனித்தனியாகக் கேளுங்கள்: முதிர்ந்த இலையின் மேல்பக்கம், அதே இலையின் அடிப்பக்கம், தண்டின் கணு, பூங்கொத்து. பூ இல்லாத பருவம் என்றால் முதல் மூன்று படங்களாவது வேண்டும்.

இலையின் மேல்பக்கம் ஆலிவ் பச்சையாக, சில நேரம் வெண்கலச் சாயலோடு இருக்கும். புள்ளிகள் சிறியவை, வெள்ளி நிறம், ஒழுங்கில்லாமல் சிதறிக் கிடக்கும். மாகுலாட்டாவின் புள்ளி பெயிண்ட் தொட்டு வைத்தது மாதிரி வெள்ளையாக, ஓரம் கூர்மையாக இருக்கும். 'லூசெர்னா'வின் புள்ளி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மினுங்கும். அந்த இடத்தில் மேல்தோலுக்கும் பச்சைத் திசுவுக்கும் நடுவே காற்று இடைவெளி இருப்பதால் ஒளி திரும்பித் தெறிப்பதுதான் காரணம். அங்கே தனி வெள்ளை நிறமி எதுவும் கிடையாது. இலையைத் திருப்பினால் அடிப்பக்கம் ஒயின் சிவப்பு. ஆர்ஜென்டியோகுட்டாட்டாவின் இலை இதைவிடச் சிறியது, பளபளப்பு கூடியது.

தீர்ப்பு சொல்வது பூதான். 'லூசெர்னா'வின் பூ அடர் ரோஜா முதல் பவளச் சிவப்பு வரை. உள்ளங்கை கொள்ளாத பெரிய கொத்தாகத் தலைகீழாகத் தொங்கும். மாகுலாட்டா 'வைட்டீ' வெள்ளையாகப் பூக்கும். ஆர்ஜென்டியோகுட்டாட்டாவின் பூ இளஞ்சிவப்பு ஓடிய கிரீம் நிறம். ஆகவே "லூசெர்னா, வெள்ளைப் பூ" என்று யாராவது போட்டிருந்தால் மேற்கொண்டு பேச வேண்டியதே இல்லை.

இங்கே ஒரு பொறி. புள்ளியின் எண்ணிக்கையை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். இளஞ்செடியில் புள்ளி அதிகம், வயதான இலையில் மங்கும், வெளிச்சம் மாறினால் அதுவும் மாறும். ஒரே செடியின் மேல் இலையும் கீழ் இலையும் வேறு வேறு செடி போலத் தெரியும். விற்பனைப் படத்துக்கு எப்போதும் இளம் இலையைத்தான் நிறுத்துவார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

3. பணம் கொடுக்கும் முன் கேட்க வேண்டியவை

பெயருள்ள கலப்பினம் ஒன்றை அதே குணத்தோடு பெருக்க விதை உதவாது. விதையில் பெற்றோரின் குணங்கள் கலைந்து, ஒவ்வொரு நாற்றும் ஒவ்வொரு மாதிரி வரும். தண்டை வெட்டி, போத்து எனப்படும் அந்தத் துண்டை நட்டால் மட்டுமே அதே செடி. அதாவது இன்று உலகில் இருக்கும் உண்மையான 'லூசெர்னா' ஒவ்வொன்றும் அந்த முதல் செடியின் ஒரு துண்டுதான். எனவே விற்பவரிடம் முதல் கேள்வி: "இது போத்தில் வந்ததா, விதையில் வந்ததா?" 'லூசெர்னா' விதை என்று பாக்கெட்டில் விற்றால் நகர்ந்துவிடுங்கள். அந்த விதையில் நல்ல செடி வரலாம், ஆனால் அது 'லூசெர்னா' அல்ல.

இரண்டாவது கேள்வி, அவருக்கு எங்கிருந்து வந்தது, எந்த வருடம் என்பது. பதில் தெளிவாக இருக்க வேண்டும் என்றில்லை. "பிகோனியா சங்கத்தின் விற்பனையில் வாங்கினேன், லேபிளில் இப்படி இருந்தது" என்றாலே போதும். "கூகிளில் தேடிப் பார்த்தேன், இதுபோல் இருந்தது" என்று பதில் வந்தால் அதைப் பெயரில்லாத செடியின் விலைக்குக் கேளுங்கள். பெயரில்லாத செடியும் அழகாகத்தான் பூக்கும். பெயருக்கான கூடுதல் காசை மட்டும் கொடுக்காதீர்கள்.

பெயர்களைச் சரிபார்க்க அமெரிக்கன் பிகோனியா சொசைட்டியின் பதிவேடு இருக்கிறது. 1932இல் தொடங்கிய இந்தச் சங்கம்தான் பிகோனியா ரகப் பெயர்களுக்கான சர்வதேசப் பதிவு அமைப்பு. பெற்றோர், உருவாக்கியவர், வருடம், இலை, பூ விவரங்கள் அங்கே கிடைக்கும். ரகப் பெயரை ஒற்றை மேற்கோள் குறிக்குள் எழுதுவது முறை. விளம்பரத்தில் பெயர் குறியில்லாமல், ஏதோ வர்த்தகப் பெயரோடு வந்தால் கொஞ்சம் சந்தேகப்படலாம்.

உரிமை பற்றியும் ஒரு வார்த்தை. புதிய ரகங்களுக்குப் பயிர் ரக உரிமையோ காப்புரிமையோ இருக்கும். அனுமதியில்லாமல் பெருக்கி விற்க முடியாது. அந்த உரிமைகள் பொதுவாக 20 முதல் 25 வருடம் வரைதான். நூறு வருடம் தாண்டிய 'லூசெர்னா'வுக்கு அந்தச் சிக்கல் இல்லை. எத்தனை போத்து வேண்டுமானாலும் எடுக்கலாம், கொடுக்கலாம், விற்கலாம். "ராயல்டி சேர்த்து" என்று யாராவது விலை சொன்னால் சிரித்துவிட்டு வாருங்கள்.

4. எந்த வடிவில் வாங்குவது, செலவு எங்கே கூடும்

மூன்று வடிவில் கிடைக்கும்: வேர் விடாத போத்து, வேர் விட்ட சின்னச் செடி, வளர்ந்த தொட்டிச் செடி.

போத்துதான் மலிவு. மண் இல்லை, எடை இல்லை, அனுப்பும் செலவும் குறைவு. ஆனால் செத்துப்போகும் வாய்ப்பு உங்கள் தலையில். ஒரே ஒரு போத்து வாங்குவது கணக்குக்கு ஒத்துவராது. இரண்டு மூன்று சேர்த்து வாங்கினால் அனுப்பும் செலவு ஏறக்குறைய அதேதான். வேர் விட்ட சின்னச் செடி புதியவர்களுக்கு நல்லது. "வேர் விட்டது" என்பதற்கு என்ன பொருள் என்று கேளுங்கள். தண்ணீரில் இரண்டு வெள்ளை நூல் தொங்குவதையும் சிலர் அப்படித்தான் சொல்வார்கள். மண்கலவையில் வேர் பிடித்து, அதற்கப்புறம் ஒரு புதிய இலையாவது விட்டிருக்க வேண்டும்.

வளர்ந்த செடியைத் தபாலில் வாங்க வேண்டாம் என்பேன். இந்தத் தண்டு பார்க்கத்தான் மரம் மாதிரி. உள்ளே நீர்ச்சத்து அதிகம், கணுவில் சட்டென்று ஒடியும். நேரில் போய் எடுத்து வர முடிந்தால் மட்டும் வளர்ந்த செடி. அப்படி வாங்கினால் ஒரு லாபம் உண்டு: பூவைப் பார்த்தே வாங்கலாம்.

செடியின் விலையைவிட மற்றதுதான் செலவைக் கூட்டும். விரைவுத் தபால், குளிர்நாளில் பெட்டிக்குள் வைக்கும் சூட்டுப் பொதி, உயிரோடு சேரும் உத்தரவாதம், வெளிநாடு என்றால் சான்றிதழ்க் கட்டணம், இங்கே பரிசோதனைக் கட்டணம். எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்த பிறகு ஆர்டர் கொடுங்கள். உத்தரவாதம் என்றால் எத்தனை மணி நேரத்துக்குள் படம் அனுப்ப வேண்டும், பணம் திரும்புமா செடி திரும்புமா, அனுப்பும் செலவு யாருடையது என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

5. எல்லை தாண்டி வரவழைத்தால்

உள்நாட்டிலேயே கிடைத்தால் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம். கிடைக்காதபோது மட்டும் இதில் இறங்குங்கள்.

வரிசை முக்கியம். முதலில் உங்கள் நாட்டுத் தாவரப் பாதுகாப்புத் துறையின் விதிகளைப் பாருங்கள்: பிகோனியா நடவுப்பொருளாக அனுமதிக்கப்படுகிறதா, இறக்குமதி அனுமதி முன்கூட்டியே வேண்டுமா, எந்த நுழைவிடம் வழியாக வரலாம். பல இடங்களில் விதைக்கும் போத்துக்கும் வேருள்ள செடிக்கும் தனித்தனி விதி. அனுமதி கைக்கு வந்த பிறகுதான் விற்பவருக்குப் பணம். இதைத் தலைகீழாகச் செய்தால் பொட்டலம் சுங்கத்தில் கிடக்கும், செடி அங்கேயே கதையை முடித்துக்கொள்ளும்.

அடுத்தது தாவர நலச் சான்றிதழ். ஃபைட்டோ என்று சுருக்கிச் சொல்வார்கள். இதைக் கொடுப்பது அனுப்பும் நாட்டின் அரசுத் துறை. விற்பவர் தானே அச்சிட்டுத் தருவது செல்லாது. சான்றிதழில் பெறுபவர் பெயர், முகவரி, தாவரப் பெயர், எண்ணிக்கை ஆகியவை இறக்குமதி அனுமதியிலும் பில்லிலும் உள்ளபடியே இருக்கிறதா என்று அனுப்பும் முன் ஸ்கேன் கேட்டுப் பாருங்கள். அனுமதியில் 5, பில்லில் 6 என்று இருந்தால் அந்த ஒரு செடிக்காக மொத்தப் பொட்டலமும் நிற்கும். சான்றிதழின் வயதுக்கும் வரம்பு உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்துக்குப் போகும் செடி என்றால், அனுப்புவதற்கு முந்தைய 14 நாளுக்குள் கொடுத்ததாக இருக்க வேண்டும்.

ஃபைட்டோ செடியின் உடம்பு சுத்தமா என்பதற்கு மட்டுமே சான்று. அது 'லூசெர்னா'தானா என்பதற்கு அல்ல. பெரும்பாலும் அதில் வெறுமனே "பிகோனியா கலப்பினம்" என்றுதான் இருக்கும். "அரசாங்கச் சான்றிதழோடு வரும் அசல் லூசெர்னா" என்று விளம்பரம் பார்த்தால் இந்த வித்தியாசத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

வேரில் மண் ஒட்டியிருக்கக் கூடாது. கழுவிய வேர், ஈரப் பாசியில் சுற்றியது, அல்லது வேரில்லாத போத்து என்று கேளுங்கள். அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வர்த்தகத்துக்கான சைட்டீஸ் ஒப்பந்த அனுமதி இதற்குத் தேவைப்படாது. கேட்டுக் காசு பிடுங்கினால் கொடுக்காதீர்கள்.

காலம்: இரு பக்கமும் உறைபனியும் கடும் வெயிலும் இல்லாத வாரங்களைத் தேர்ந்தெடுங்கள். வாரத் தொடக்கத்தில் அனுப்பச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை கிளம்பும் பொட்டலம் இரண்டு நாள் ஏதோ கிடங்கில் சும்மா கிடக்கும். அனுமதிக்குப் போகும் வாரங்களையும் கணக்கில் சேர்த்தால், செடி வேண்டிய பருவத்துக்கு மூன்று மாதம் முன்பே வேலையைத் தொடங்குவது நல்லது.

6. பொட்டலத்தைப் பிரித்த அன்று

பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள். உத்தரவாதம் கோர அதுதான் ஆதாரம்.

இலை கொட்டியிருந்தால் பதற வேண்டாம். கேன் பிகோனியா இடம் மாறினால் இலை உதிர்ப்பது வழக்கம். தண்டை விரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக, பச்சையாக இருந்தால் உயிர் இருக்கிறது. பிசுபிசுவென்று அமுங்கினால் அந்தக் கணு வரை வெட்டி எறியுங்கள். இலையில்லாத செடிக்குத் தண்ணீரும் குறைவாகத்தான் வேண்டும். பாவம் என்று ஊற்றுகிறவர்களிடம்தான் அதிகம் அழுகுகிறது.

மற்ற செடிகளிடமிருந்து மூன்று நான்கு வாரம் தள்ளி வையுங்கள். கணு இடுக்கில் வெள்ளைப் பஞ்சு இருந்தால் மாவுப்பூச்சி. இலையில் வெள்ளைத் தூள் படர்ந்தால் சாம்பல் நோய். நரம்புக்கு நடுவே கோணம் கோணமாகப் பழுப்புத் திட்டு வந்தால் இலை நூற்புழுவாக இருக்கலாம். அதற்கு வீட்டில் வைத்தியம் பார்ப்பதைவிடச் செடியை அப்புறப்படுத்துவதே மேல்.

நாய், பூனை இருக்கும் வீட்டில் எட்டாத உயரம் பாருங்கள். பிகோனியாவில் கால்சியம் ஆக்சலேட் உண்டு. மென்றால் வாய் எரியும், வாந்தி வரும்.

7. போத்தை வேர் பிடிக்க வைப்பது

இங்கே அவசரப்படாதீர்கள், பெரும்பாலோர் செடியை இழப்பது இங்கேதான்.

தண்டைக் கையில் எடுத்து, ஒவ்வொரு இலைக்காம்பும் தண்டோடு சேரும் மூலையைப் பாருங்கள். சில மூலைகளில் கூராக, சிவந்து, அரிசி நுனி அளவுக்கு ஒரு மொட்டு தெரியும். அதுதான் கண். அதிலிருந்துதான் புதுத் தண்டு வரும். வேறு சில மூலைகளில் மொட்டு இருக்காது; காய்ந்த பூக்காம்பின் தழும்பு மட்டும் இருக்கும். அங்கே இருந்த மொட்டு ஏற்கெனவே பூவாகிப் போய்விட்டது, இனி அதில் தளிர் எதிர்பார்க்க முடியாது. எல்லாக் கணுவும் பூத்து முடித்த தண்டை நட்டால் வேர் விடும், இலை பச்சையாகவே இருக்கும், மாதக்கணக்கில் ஒன்றும் நடக்காது. எனவே வாங்கும்போதே "பூக்காத கண் குறைந்தது இரண்டு உள்ள போத்து" என்று கேட்டு வாங்குங்கள்.

இதே காரணத்தால் ஒற்றை இலையை நடுவதும் வீண். இலை அழகுக்காக வளர்க்கும் ரெக்ஸ் பிகோனியாவில் இலைத் துண்டே செடியாகும். கேன் வகையில் இலைக்காம்பு வேர் விடும், அதோடு சரி. ஒற்றை இலையைச் "செடி" என்று விற்பவர்களும் இருக்கிறார்கள்.

மூன்று நான்கு கணுவுள்ள துண்டாக, அடிக்கணுவுக்குச் சற்றுக் கீழே கூரான பிளேடால் வெட்டுங்கள். கீழ் இலைகளை எடுத்துவிட்டு, மேலே ஒன்றிரண்டு வையுங்கள். பூமொட்டு இருந்தால் மனதைக் கல்லாக்கிக்கொண்டு கிள்ளிவிடுங்கள். ஒரு கண்ணாவது மண்ணுக்குள் போக வேண்டும். அப்போதுதான் அடியிலிருந்து புதுத் தண்டு கிளம்பிச் செடி புதராகும்.

பெர்லைட் என்ற லேசான வெள்ளைக் கல்பொரியும் தேங்காய் நார்த்தூளும் சம அளவு கலந்தால் போதும். 20 முதல் 25 டிகிரி செல்சியஸ் வெப்பம், நேர் வெயில் படாத வெளிச்சம், மேலே தளர்வாக ஒரு பாலித்தீன் உறை. இரண்டு முதல் நான்கு வாரத்தில் வேர் வரும். இழுத்துப் பார்க்காதீர்கள், புதுத் தளிர் சொல்லும். தண்ணீரிலும் வேர் விடும், பார்க்கவும் ஆசையாக இருக்கும். ஆனால் அந்த வேர் நொறுங்கும் வேர். இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆனதுமே மண்கலவைக்கு மாற்றிவிடுங்கள்.

8. தொட்டி, வெளிச்சம், தண்ணீர்

தொட்டி சின்னதாகவே இருக்கட்டும். வேர்ப்பந்தைவிட இரண்டு விரல் அகலம் கூடினால் போதும். பெரிய தொட்டியில் ஈரம் தேங்கி வேரழுகல் வரும். செடி உயரமாகப் போகும் என்பதால் அகலத்துக்குப் பதில் கனமான மண்தொட்டியாகப் பாருங்கள், சாயாது. மண்கலவை லேசாக, கொஞ்சம் அமிலத்தன்மையோடு இருக்க வேண்டும்.

வெளிச்சத்தில்தான் பூ. காலை இளவெயில் ஒரு மணி இரண்டு மணி நேரம் நல்லது, உச்சி வெயில் ஆகாது. கணுவுக்குக் கணு இடைவெளி நீண்டு, பூ வராமல் போனால் வெளிச்சம் போதவில்லை. இலை வெளிறி ஓரம் கருகினால் அதிகம்.

மேல்மண் ஒரு விரல்கணு ஆழம் காய்ந்ததும் தண்ணீர், வடியும் வரை. தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். இலை மேல் இரவில் ஈரம் தங்கக் கூடாது. காற்றோட்டம் இல்லாத மூலையில் சாம்பல் நோய் தேடி வரும். வளரும் பருவத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பாக்கெட்டில் சொன்னதில் கால் பங்கு உரம் போதும். தழைச்சத்து மட்டும் கூடிய உரம் போட்டால் இலை மட்டும்தான் பார்க்க முடியும். 10 டிகிரிக்குக் கீழே போனால் செடியை உள்ளே எடுங்கள்.

பூ வந்ததும் புதியவர்களிடமிருந்து ஒரு புகார் வரும்: "பூ விரிந்ததுமே கொட்டுகிறது." கொட்டுவது ஆண் பூ. ஒரே கொத்தில் ஆண் பூக்கள் முதலில் விரிந்து சீக்கிரம் உதிரும். பின்னால் மூன்று சிறகுள்ள சூலகத்தோடு பெண் பூக்கள் விரியும், அவை பல வாரம் தொங்கும். நோய் இல்லை, மருந்து அடிக்க வேண்டாம்.

9. எப்போது என்ன எதிர்பார்க்கலாம்

நல்ல வெளிச்சத்தில் வேர் பிடித்த போத்து ஒரு வருடத்துக்குள் பூக்கத் தொடங்கும். பெயர் சரியா என்ற கடைசிச் சோதனையும் அப்போதுதான். அதனால் உத்தரவாதத்தில் "பெயர் தவறானால்" என்ற வரி இருக்கிறதா என்று பார்ப்பதும், வாங்கிய ரசீதை முதல் பூ வரும் வரை வைத்திருப்பதும் அவசியம். இரண்டு மூன்று வருடத்தில் தண்டு ஒன்றரை மீட்டரைத் தாண்டும். குச்சி ஊன்றிக் கட்டுங்கள். குச்சியை நட்ட அன்றே ஊன்றினால் பின்னால் வேர் சிதையாது.

வருடம் ஒருமுறை, வளர்ச்சி தொடங்கும் பருவத்தில் கவாத்து. எல்லாத் தண்டையும் ஒரே நாளில் வெட்டினால் அந்த வருடப் பூ போயிற்று. வயதான தண்டில் மூன்றில் ஒன்றை மட்டும், அடியில் இரண்டு மூன்று கண் விட்டு வெட்டுங்கள். வெட்டியதில் கண் உள்ளதெல்லாம் போத்து.

10. பெயரட்டையும் மாற்றுச் செடியும்

செடி நன்றாக வளரத் தொடங்கியதும் ஒரு போத்து எடுத்து வேறொரு வீட்டில் வையுங்கள். உங்கள் செடி அழுகினால் திரும்பிப் போய்க் கேட்க ஓர் இடம் வேண்டும். கடையில் போய் அதே செடியைத் தேடுவதைவிட இது மலிவு.

பெயரட்டை பிளாஸ்டிக்கில், பென்சிலால். மார்க்கர் மை வெயிலில் ஒரே வருடத்தில் மறைந்துவிடும், பென்சில் நிற்கும். அட்டையில் ரகப் பெயர், யாரிடமிருந்து, எந்த மாதம் வருடம் என்று எழுதுங்கள். இன்னோர் அட்டையைத் தொட்டிக்குள் மண்ணில் புதைத்து வையுங்கள்; மேலே உள்ளதைக் குழந்தையோ காக்கையோ பிடுங்கினாலும் மாற்று இருக்கும். படங்களை அதே பெயரில் போனில் ஒரு கோப்பில் போட்டு வைத்தால் பின்னால் யாராவது கேட்கும்போது உதவும்.

பூவைப் பார்த்த பிறகும் சந்தேகம் தீரவில்லையா? "லூசெர்னா போன்றது, பெயர் உறுதியில்லை" என்றே எழுதுங்கள். போத்து கொடுக்கும்போதும் அதே வார்த்தையோடு கொடுங்கள். வாங்குகிறவர் "சும்மா லூசெர்னா என்றே போட்டுக்கொள்கிறேனே" என்பார், விடாதீர்கள்.